மஞ்சவாடிக் கணவாய்க்கு அப்பால் ஒரு பரிசோதனை

ஆய்வகம் கொடுக்கும் தாளில் அது ஒரே ஒரு வரி: "ஸ்டூல் அக்கல்ட் பிளட் – பாசிட்டிவ்." சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் என்று நீளும் முழு உடல் பரிசோதனைப் பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கும். தர்மபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, அரூர் பக்கத்து மக்கள் சேலத்துக்கோ தர்மபுரிக்கோ போய் எடுத்து வரும் அந்தத் தாளில் முதலில் கண் போவது சர்க்கரை அளவின் மீதுதான். மலத்தைப் பற்றிய வரியை வீட்டில் யாரும் உரக்கப் படிப்பதில்லை. படித்தாலும், "மூலமா இருக்கும், உடம்புச் சூடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படி முடிந்துவிடக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வரி சொல்வது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கலந்திருக்கிறது என்பதை மட்டுமே. எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பதை அது சொல்லவில்லை. சொல்லவும் அதனால் முடியாது. பெருங்குடலை உள்ளே நேராகப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். அப்படிப் பார்ப்பதற்குப் பெயர் கொலனோஸ்கோப்பி. ஊர்ப் பேச்சில் "கேமரா விட்டுப் பாக்கறது". மலப் பரிசோதனையும் கொலனோஸ்கோப்பியும் சேர்ந்ததுதான் ஒரு முழுப் பரிசோதனை. முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால், அந்த முதல் பாதிக்குக் கொடுத்த காசும் வீண்.

இந்தச் சோதனையில் இரண்டு வகை உண்டு. பழையது குவாயக் சோதனை. குவாயகம் என்னும் அமெரிக்க மரத்தின் பிசின் தடவிய அட்டையில் மலத்தைத் தேய்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், ரத்தத்திலுள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மம் அதை நீலமாக்கும். சிக்கல் என்னவென்றால், ஹீம் மனித ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. முந்தின நாள் சாப்பிட்ட ஆட்டுக்கறி, ரத்தப் பொரியல், ஏன், முள்ளங்கியில் உள்ள நொதிகூட அட்டையை நீலமாக்கிவிடலாம். புதியது ஃபிட் சோதனை. இது மனித ஹீமோகுளோபினின் புரதத்தை மட்டும் எதிர்ப்பொருள் கொண்டு பிடிக்கிறது. ஆட்டு ரத்தம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசியும் ரத்தத்தின் புரதம், வழியிலேயே செரிமான நொதிகளால் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆகவே ஃபிட் பாசிட்டிவ் என்றால், பெருங்குடல் அல்லது மலக்குடல் பக்கமே விரல் நீள்கிறது. கொக்கிப்புழு சிறுகுடலில் குடிக்கும் ரத்தத்தின் மீது பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

பாசிட்டிவ் என்று கேட்டதும் நெஞ்சு அடைக்கும். ஆனால் எண்கள் அவ்வளவு கொடுமையானவை அல்ல. வடதாய்லாந்தின் லாம்பாங் மாகாணத்தில் 2011-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், 50 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஃபிட் சோதனை செய்தார்கள். பாசிட்டிவ் வந்து கொலனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களில் 3.7 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய், 30.6 விழுக்காட்டினருக்கு அடினோமா என்னும், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சதை வளர்ச்சி. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இரண்டுமே இல்லை.

அந்த 30.6-ஐக் கவனிக்க வேண்டும். இந்த நோயின் தனிச் சலுகை அதில்தான் இருக்கிறது. பெருங்குடல் புற்று ஒரே இரவில் முளைப்பதில்லை. குடலின் உட்சுவரில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி தோன்றி, ஏபிசி, கேராஸ், பி53 என்று மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கெட்டு, பெரும்பாலும் பத்தாண்டு அளவில் அது புற்றாகிறது. இந்தப் படிநிலையை 1990-ல் எரிக் ஃபியரனும் பெர்ட் வோகல்ஸ்டைனும் தெளிவாக்கினார்கள். அதற்கும் முன்பே, 1969-ல், நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் கொலனோஸ்கோப் வழியாக ஒரு கம்பிச் சுருக்கைச் செலுத்தி, வயிற்றைக் கீறாமலேயே பாலிப்பை அறுத்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். எனவே பாசிட்டிவுக்குப் பின் செய்யும் கொலனோஸ்கோப்பி நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை. பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அங்கேயே அறுத்து எடுத்துவிடுகிறது. வரவிருந்த புற்று வராமலே போகிறது. இப்படித் தடுக்கக்கூடிய புற்றுநோய்கள் அதிகம் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் போவதில்லை? முதல் காரணம் மூலம். "மூலம், பௌத்திரம்" என்று எழுதாத சுவர் தமிழ்நாட்டுச் சாலையோரத்தில் அபூர்வம். நடுவயதைத் தாண்டிய பலருக்கு உண்மையாகவே மூலம் இருக்கிறது. அதுதான் ஆபத்து. மூலம் இருப்பவருக்குப் பாலிப் இருக்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே குடலில் ஒன்றாகவே இருக்க முடியும். ஆசனவாயில் சிறு கருவியை வைத்துப் பார்த்து, மூலம் தெரிந்ததும் "இதுதான் காரணம்" என்று முடிப்பது, தேடலை வாசலிலேயே நிறுத்துவது. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். குடலின் இடதுபக்கக் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப்பியும் இந்த இடத்தில் போதாது.

இரண்டாவது காரணம், "இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாப்போம்." கேட்க நியாயமாக இருக்கிறது. சர்க்கரை கூடுதலாக வந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லையா? ஆனால் பாலிப்பும் புற்றும் எல்லா நாளும் ரத்தம் கசிவதில்லை. கசிந்த ரத்தமும் மலம் முழுக்கச் சீராகக் கலப்பதில்லை. குச்சி தொட்ட இடத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டாம் முறை நெகட்டிவ் வந்தால், அன்றைக்குக் கசியவில்லை என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. முதல் முறை கண்ட ரத்தத்தை அது அழித்துவிடாது. அதனால்தான் உலகின் முக்கியமான வழிகாட்டு நெறிகள் பாசிட்டிவுக்குப் பின் மறுசோதனை வேண்டாம், நேரே கொலனோஸ்கோப்பிக்குப் போங்கள் என்கின்றன. ரத்தப் பொரியல் சாப்பிட்ட மறுநாள் குவாயக் அட்டையில் எடுத்த சோதனை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

நம் வெயிலைப் பற்றியும் ஒரு சொல். ஹீமோகுளோபின் சூட்டில் சிதையும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 2 லட்சம் ஃபிட் சோதனைகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள்: வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு 0.7 விழுக்காடு குறைகிறது, கோடையில் சில புற்றுகள் தப்பிவிடுகின்றன. ஃபுளோரன்ஸுக்கே இப்படி என்றால், தர்மபுரிச் சித்திரை வெயிலில் பஸ்ஸில் போகும் குப்பிக்கு என்ன ஆகும் என்று யோசிக்கலாம். மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து, தாமதமின்றி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் தாண்டியும் பாசிட்டிவ் வருகிறது என்றால், "வெயில்ல ஏதோ தப்பா காட்டியிருக்கும்" என்பது எடுபடாது. வெயில் ரத்தத்தை மறைக்கும். இல்லாத ரத்தத்தை உண்டாக்காது.

போகாமல் இருந்தால் என்ன நடக்கிறது என்பதை இத்தாலியின் வெனெட்டோ பகுதி காட்டியது. 2004 முதல் 2017 வரை ஃபிட் பாசிட்டிவ் வந்த 1,11,423 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டில் பெருங்குடல் புற்றால் இறந்தவர்கள், கொலனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கு 6.8 பேர், செய்துகொள்ளாதவர்களில் ஆயிரத்துக்கு 16 பேர். வயது முதலியவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தாலும் சாவின் வாய்ப்பு இரட்டிப்பு.

அதற்காக நாளைக் காலையே ஓட வேண்டும் என்பதும் இல்லை. கலிஃபோர்னியாவில் 70,124 பேரை ஆராய்ந்து டக்ளஸ் கார்லி குழுவினர் 2017-ல் வெளியிட்ட முடிவு இதில் நிதானம் தருகிறது. ஒன்பது மாதம் வரை தள்ளிப்போனவர்களுக்கும் ஒரு மாதத்துக்குள் செய்துகொண்டவர்களுக்கும் புற்று காணப்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பத்து மாதத்தைத் தாண்டியதும் வேறுபாடு தலைகாட்டியது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போனவர்களிடம் புற்று காணப்படும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். முற்றிய நிலைப் புற்று மூன்று மடங்குக்கு மேல். வாணியாறு பாசனத்தில் கரும்பு போட்டவர் வெட்டு முடித்துவிட்டு வரலாம். மறுதாம்புக் கரும்பும் வெட்டிவிட்டு வருகிறேன் என்றால் காலம் கடந்துவிட்டது. என் எண்ணத்தில், மூன்று மாதத்துக்குள் ஒரு தேதியைக் குறித்துவிடுவதே சரி. தேதி குறிக்காத வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போகும்.

மேலே சொன்னதெல்லாம் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கு. ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, மலம் கழிக்கும் வழக்கம் சில வாரமாக மாறிவிட்டது, காரணமின்றி எடை இறங்குகிறது என்றால் இந்தக் கணக்குப் பொருந்தாது. உடனே போக வேண்டும். ரத்தசோகைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. நம் பக்கத்தில் ரத்தசோகை என்றதும் சத்துக்குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்புவது வழக்கம். இளம்பெண்களிடம் அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஐம்பது வயது ஆணுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டாக வேண்டும். வலதுபக்கப் பெருங்குடலில் வளரும் புற்று பல மாதம் வேறெந்த அறிகுறியும் காட்டாமல் ரத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பெருங்குடலுக்கு அல்ல, கருப்பைவாய்ப் புற்றுக்கு. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தின. முன்னின்றவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். செவிலியர்கள் கிராமங்களில் முகாம் அமைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை 31,343 பெண்களுக்குச் செய்தார்கள். 3,088 பேருக்குப் பாசிட்டிவ். அவர்களில் அடுத்த கட்டப் பரிசோதனையான கால்போஸ்கோப்பியைச் செய்துகொண்டவர்கள் 3,052 பேர். விட்டுப்போனவர்கள் வெறும் 36. சோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களோடு ஒப்பிட, கருப்பைவாய்ப் புற்றால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது.

அதே சங்கரநாராயணன் பங்கேற்றதுதான் லாம்பாங் திட்டமும். அங்கே ஃபிட் பாசிட்டிவ் வந்தவர்கள் 873 பேர். கொலனோஸ்கோப்பிக்கு வந்தவர்கள் 627 பேர். 246 பேர் வரவில்லை. வந்தவர்களிடம் கண்ட அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால், வராதவர்களில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்று இருந்திருக்கும்.

திண்டுக்கல் பெண்களுக்கு அக்கறை அதிகம், லாம்பாங் மக்களுக்குக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திண்டுக்கல்லில் பாசிட்டிவ் என்று தெரிந்த இடத்திலேயே, அப்போதே, அதே செவிலியர் அடுத்த சோதனையைச் செய்தார். கொலனோஸ்கோப்பிக்கு அந்த வசதி இல்லை. வேறு நாள், வேறு ஊர், வேறு மருத்துவர், அதற்கு முன் குடலைக் கழுவும் பாடு. இரு சோதனைகளுக்கும் நடுவே விழும் அந்த இடைவெளியில்தான் ஆட்கள் நழுவுகிறார்கள். ஆகவே வராதவர்களைக் குறை சொல்வதை விட்டு, இடைவெளியைச் சுருக்குவதில் கவனம் வைக்க வேண்டும். அமெரிக்காவில் மலப் பரிசோதனைக்குக் காப்பீடு முழுப்பணம் கொடுத்து, பின்தொடரும் கொலனோஸ்கோப்பிக்கு நோயாளியிடம் பங்கு கேட்ட காலம் உண்டு. இரண்டும் ஒரே பரிசோதனைதான் என்று 2022-ல் தனியார் காப்பீட்டுக்கும் 2023-ல் மெடிகேருக்கும் அந்நாட்டு அரசு விதியை மாற்றியது.

இந்தியாவில் 2016-ல் மத்திய அரசு வகுத்த பரிசோதனைத் திட்டத்தில் இருப்பவை வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகள். தமிழ்நாடு 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியதும் இம்மூன்றுக்கே. பெருங்குடல் புற்று மேலைநாடுகளை விட இங்கே இன்னும் மிகக் குறைவு என்பதால், எல்லோருக்கும் ஃபிட் என்று இறங்காதது பிழையல்ல என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதனால் ஒரு விளைவு உண்டு. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால், அவரைத் தேடி வந்து "போனீங்களா?" என்று கேட்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனால் வீடு தேடி வரும் ஓர் ஏற்பாடு உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் வீட்டு வாசல் வரை வருகிறார். அவரிடம் இந்தத் தாளையும் காட்டலாம், தயங்க வேண்டாம். வட்டார மருத்துவமனையில் காட்டி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைச் சீட்டு வாங்குவது அடுத்த படி.

உண்மையான சங்கடம் பயணத்தில் இருக்கிறது. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசாததால்தான் பலர் தேதி வாங்கியும் போவதில்லை என்று நினைக்கிறேன். கொலனோஸ்கோப்பியின் தரத்தில் பாதி, குடல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓரிரு நாள் முன்பிருந்தே நார் குறைந்த உணவு. தர்மபுரிக்காரருக்கு இது எளிதல்ல: ராகிக் களி, கீரை, கம்பு, கொய்யா, விதையுள்ள காய்கள் எல்லாவற்றுக்கும் விடுப்பு. வெள்ளைச் சோறு, இட்லி, மோர் போதும். முந்தின நாள் தெளிந்த நீராகாரம்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் விடாத டீ. பீட்ரூட்டும் சிவப்பு நிறக் குளிர்பானமும் கூடாது. உள்ளே பார்ப்பவருக்கு ரத்தம் போலத் தெரியும். இரும்பு மாத்திரை மலத்தைக் கருப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும் என்பதால் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆகியவற்றைத் தாமாக நிறுத்தாமல், தாமாகத் தொடராமல், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பிறகு பேதி மருந்து. பொடியைத் தண்ணீரில் கரைத்து, பாதியை முந்தின நாள் மாலையிலும் மறுபாதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பும் குடிப்பதே நல்ல பலன் தரும் முறை. அந்த மறுபாதியை விடியற்காலையில் பாப்பிரெட்டிப்பட்டியில் குடித்துவிட்டு, மஞ்சவாடிக் கணவாய் ஏறி இறங்கும் பஸ்ஸில் சேலம் போவது எப்படி? முடியாது. சித்தேரி மலையிலிருந்து வருபவருக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. இதற்கு அஞ்சியே இரண்டாம் பாதியைக் குடிக்காமல் போகிறவர்கள் உண்டு. குடல் சுத்தமில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி வருகிறவர்கள் சிலரே. முந்தின நாளே சேலத்தில் உறவினர் வீட்டிலோ கழிப்பறை உள்ள அறையிலோ தங்குவது ஒரு வழி. உள்நோயாளியாகச் சேர்த்து மருந்து கொடுக்க முடியுமா என்று மருத்துவமனையில் கேட்பது இன்னொரு வழி. "தொலைவிலிருந்து வருகிறேன், காலை மருந்துக்கு என்ன செய்வது?" என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மயக்க ஊசி போட்டால் அன்று தனியாகத் திரும்ப முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். அவருடைய ஒருநாள் கூலியையும் சேர்த்துத்தான் இந்தச் செலவைக் கணக்கிட வேண்டும். மருத்துவர்களும் அந்தக் கணக்கை அறிந்திருப்பது நல்லது.

பரிசோதனை அரைமணி நேர அளவில் முடிந்துவிடும். குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு, ஆனால் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. பாலிப்பை அறுத்தால் ரத்தக்கசிவு சற்றுக் கூடுதலாக நேரலாம், பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் அறிக்கையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பெருங்குடலின் தொடக்கமான சீகம் வரை குழாய் போனதா, குடல் சுத்தமாக இருந்ததா, எடுத்த சதை திசுப் பரிசோதனைக்குப் போனதா. முதல் இரண்டில் குறை இருந்தால் பரிசோதனை முடியவில்லை என்றே பொருள். மறுபடி செய்யவோ சிடி ஸ்கேன் வழியாகப் பார்க்கவோ வேண்டியிருக்கும். எல்லாம் தெளிவாக இருந்து குடலில் ஒன்றுமில்லை என்றால், தொல்லை எதுவும் வராதவரை சுமார் பத்தாண்டுக்கு இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை. பாலிப் எடுத்திருந்தால் அதன் எண்ணிக்கை, அளவு, வகையைப் பொறுத்து அடுத்த தேதி குறிப்பார்கள். புற்று என்று வந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அப்போது கையில் இருக்க வேண்டும்.

திசு முடிவு புற்றோ முற்றிய அடினோமாவோ என்று வந்தால், அந்தச் செய்தி அவரோடு நிற்கக் கூடாது. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அவர்கள் நாற்பது வயதிலோ, வீட்டில் நோய் கண்டவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் என்றால் மகனுக்கு முப்பத்தைந்தில். பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். அறிக்கையைப் படம் எடுத்து அவர்கள் கைப்பேசிக்கு அன்றைக்கே அனுப்பிவிடலாம்.